மர்மப் பெட்டி விளம்பரமும் வெடிகுண்டு பீதியும்: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

காவிரி டெல்டாவில் ஒரு கோயில் ஊரில் ஃப்ளெக்ஸ், ஸ்டிக்கர், போர்டு வேலை செய்கிற சின்னக் கடை எங்களுடையது. ஊர்ப் பெயர் வேண்டாம். கோயில் ஊர் என்று சொன்னால் இந்தப் பக்கத்தில் எந்த ஊருக்கும் பொருந்தும், அது ஒரு வசதி. நாங்கள் செய்துகொடுத்த விளம்பரப் பெட்டிகளைப் பார்த்து ஒருநாள் காலையில் ஊரே வெடிகுண்டு என்று மிரண்டது. அதிலிருந்து புதுக்கடை திறக்கிறவர்கள், ஈவென்ட் செய்கிற பையன்கள், காலேஜ் விழாக் கமிட்டிக்காரர்கள் என்று யார் வந்தாலும் இதே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது என்பதால் எழுதி வைக்கிறேன்.

கொரில்லா மார்க்கெட்டிங்னா என்னண்ணே? குரங்கு வேஷம் போடுறதா?

குரங்கு இல்லை தம்பி, கெரில்லாப் போர். சின்னப் படை எதிர்பாராத இடத்தில் அடித்துவிட்டு மறைந்துபோகுமே, அந்த மாதிரி. காசில்லாத சின்ன வியாபாரி பெரிய கம்பெனியோடு டிவி விளம்பரத்தில் மோத முடியாது, அதனால் யோசனையை வைத்து மோது என்று 1984-ல் ஜே கான்ராட் லெவின்சன் என்ற அமெரிக்கர் இந்தப் பெயரைப் பிரபலமாக்கினார். பிறகு பெரிய கம்பெனிகளே இதைப் பிடித்துக்கொண்டது வேறு கதை.

நமக்கு இது புதுசும் இல்லை. டூரிங் டாக்கீஸ் காலத்தில் மாட்டுவண்டியில் தட்டி கட்டி, தப்படித்துக்கொண்டு நோட்டீஸ் வீசிக்கொண்டே போவார்கள், பிள்ளைகள் பின்னாலேயே ஓடும். ஆனால் அந்த வண்டியைப் பார்த்தால் யார், எதை விற்கிறார் என்று உடனே தெரியும். இப்போது கேட்டு வருகிறவர்களுக்கு அதுதான் தெரியக் கூடாதாம். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாஸ்டன் பாஸ்டன்னு சொல்றீங்களே, அங்க என்னதான் நடந்துச்சு?

அமெரிக்காவில் பாஸ்டன் நகரம், 2007 ஜனவரி 31, புதன்கிழமை. கார்ட்டூன் நெட்வொர்க்கில் ராத்திரி நேரத்தில் பெரியவர்களுக்காக ஓடிய ஒரு தொடருக்கு விளம்பரம். சின்ன விளக்குகளைக் கோத்து, நடுவிரலைக் காட்டும் ஒரு பொம்மை உருவத்தைப் பலகையில் செய்து, பேட்டரி, ஒயர், கறுப்பு டேப்போடு காந்தத்தால் ஊரெங்கும் இரும்பில் ஒட்டிவிட்டார்கள். சல்லிவன் ஸ்கொயர் என்ற ரயில் நிலையத்தில் உத்தரத்தில் ஒட்டியிருந்த ஒன்றைக் காலை எட்டு மணி வாக்கில் ஒரு பயணி பார்த்துச் சொல்லியிருக்கிறார். வெடிகுண்டு பிரிவு வந்தது, நெடுஞ்சாலை நின்றது, பாலங்கள் மூடப்பட்டன, சார்லஸ் ஆற்றில் படகுகூட ஓடவில்லை. மத்தியானம் இன்னும் சில இடங்களிலிருந்து போன் வர, ஊரே முடங்கியது.

எங்கள் விளம்பரம்தான் என்று கம்பெனி ஒத்துக்கொண்டபோது மாலையாகிவிட்டது. அன்றைக்கே கைதானவர்கள் யார் தெரியுமா? யோசனை சொன்னவர் இல்லை, கையெழுத்துப் போட்டவர் இல்லை. கூலிக்கு ஒட்டிய இரண்டு இளைஞர்கள். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரும்.

பத்து ஊர்ல வெச்சாங்களாம், ஒரு ஊர்தானே பயந்துச்சு? அப்ப தப்பு பாஸ்டன்காரங்க மேலதானே?

இந்தக் கேள்வியை வக்கீல் மாதிரி கேட்கிற ஆட்கள் அதிகம். உண்மைதான், நியூயார்க், சிகாகோ, சியாட்டில் உட்பட பத்து ஊர்களில் வைத்தார்கள், மற்ற ஊர்களில் இப்படி ஒரு களேபரம் இல்லை. பாஸ்டனிலேயே இரண்டு மூன்று வாரமாக அது பாட்டுக்கு இருந்ததுதான். ஆனால் 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் கோபுரங்களில் மோதிய இரண்டு விமானங்களும் கிளம்பியது பாஸ்டனில் இருந்து. 2004-ல் மாட்ரிட் ரயில், 2005-ல் லண்டன், 2006 ஜூலை 11-ல் நம் மும்பை மின்சார ரயில்கள். அதற்கெல்லாம் பிறகு ரயில் நிலைய உத்தரத்தில் ஒயரோடு ஒரு பெட்டி. போதாக்குறைக்கு அதே நாளில் அங்கே ஒரு மருத்துவமனையில் பைப் வெடிகுண்டு போன்ற போலிப் பொருள் வேறு கிடைத்தது, அதற்கும் இந்த விளம்பரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

நம் பக்கம் மட்டும் என்ன? 1987-ல் அரியலூர் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தில் குண்டு வைத்து ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸைக் கவிழ்த்தார்கள். 1997 டிசம்பர் 6-ல் ஒரே நாளில் மூன்று ரயில்களில் குண்டு வெடித்தது, அதில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் வெடித்தது திருச்சியில். 1998 பிப்ரவரியில் கோவை. இதையெல்லாம் பார்த்த ஸ்டேஷன் மாஸ்டரும் போர்ட்டரும் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். எந்த ஊருக்கு எந்த இடத்தில் பழைய காயம் என்று உங்களுக்குத் தெரியாது. "நேத்து வரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்பது சமாதானம் ஆகாது.

பொம்மைக்கும் பாமுக்கும் வித்தியாசம் தெரியாதா போலீசுக்கு?

முன்னால் நின்று பார்த்தால் எனக்கும் தெரியும். கீழே இருந்து, பகல் வெளிச்சத்தில், விளக்கு எரியாதபோது பார்க்கிறவருக்குத் தெரிவது பேட்டரியும் ஒயரும் டேப்பும்தான். 1985-ல் டெல்லியில் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் குண்டு வைத்து ஏகப்பட்ட பேரைக் கொன்றார்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் ரேடியோ, டிபன் பாக்ஸ், பொம்மை எதையும் தொடாதே என்று நம் ரயில் நிலையங்களில் கத்திக்கொண்டே இருக்கிறார்களே, சும்மாவா? பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருப்பது பாதுகாப்புக்கு அத்தாட்சி இல்லை.

இதைவிட வேடிக்கையானவையும் உண்டு. 2006 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ஹாலிவுட் படத்துக்காக 4,500 செய்தித்தாள் பெட்டிகளுக்குள், கதவைத் திறந்தால் இசை வருகிற மாதிரி சின்னக் கருவி வைத்தார்கள். சில பெட்டிகளில் ஒயர் கழன்று தொங்க, அதில் ஒன்றை அதிகாரிகள் வெடிவைத்தே உடைத்தார்கள். 2014-ல் சிட்னியில் யூபிசாஃப்ட் என்ற வீடியோ கேம் கம்பெனி ஒரு செய்தி அலுவலகத்துக்குக் கறுப்பு இரும்புப் பெட்டகம் ஒன்றை அனுப்பியது. கூடவே "உங்கள் வாய்ஸ்மெயிலைப் பாருங்கள்" என்று ஒரு சீட்டு. அந்த நிருபருக்கு வாய்ஸ்மெயிலே கிடையாது! பெட்டகம் பீப் பீப் என்று கத்த ஆரம்பிக்க, ஆட்களை வெளியேற்றி, வெடிகுண்டு நிபுணர்கள் வந்து திறந்தால் உள்ளே கேம் சி.டி.

உங்க ஊர்ல நடந்தது என்ன? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

ஒரு துணிக்கடை திறப்பு விழா. முதலாளிக்கு யாரோ ஐடியா கொடுத்திருக்கிறார்கள்: பன்னிரண்டு தெர்மாகோல் பெட்டி, கறுப்புத் தாள் சுற்றி, நடுவில் சிவப்பு எழுத்து டிஜிட்டல் கடிகாரம். மூன்று நாள் பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்து, பூஜ்யம் வரும்போது கடை திறப்பு. கடைப் பேரை ஸ்டிக்கரில் போடலாமா சார் என்று நான் கேட்டேன், சஸ்பென்ஸ் போய்விடும் என்றார். நானும் விட்டுவிட்டேன், பணம் முன்கூட்டியே வந்திருந்தது. இரண்டு பையன்கள் ராத்திரியில் பேருந்து நிலையக் கூரை, மார்க்கெட் வாசல், வாய்க்கால் பாலத்துக் கைப்பிடி என்று கேபிள் டை போட்டுக் கட்டிவிட்டு வந்தார்கள்.

காலை ஏழரைக்கு டீக்கடை மாஸ்டர்தான் முதலில் பார்த்திருக்கிறார். அண்ணாந்து பார்த்தவர், பாய்லரை அணைத்துவிட்டு, கல்லாவைப் பூட்டிவிட்டு, அதன்பிறகுதான் ஓடினாராம். எட்டரைக்குக் கயிறு கட்டியாயிற்று, பஸ்ஸெல்லாம் புறவழிச்சாலையில் நின்றன, மாவட்டத் தலைநகரிலிருந்து மோப்ப நாய் வந்துகொண்டிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஓடியது. எனக்கும் போட்டோ வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். தெர்மாகோலின் இடது ஓரம் கோணலாக இருந்தது. என் கடைக் கட்டர் அப்படித்தான் இழுக்கும், பிளேடு மாற்றணும் மாற்றணும் என்று நானும் நாள் கடத்திக்கொண்டிருந்தேன். வயிற்றைப் பிசைந்தது. முதலாளிக்குப் போன் செய்தேன். "சும்மா இருங்க, நல்லாப் பரவுது, பதினோரு மணிக்கு நாமளே சொல்லிக்கலாம்" என்றார்.

நான் சும்மா இருந்தேன். நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தில்தான் பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரியைக் காலிசெய்யச் சொன்னார்கள், நேற்றுப் பெற்ற பெண் ஒருத்தி பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெயிலில் நடந்துபோனாள், அவள் போனது என் கடை வாசல் வழியாகத்தான். அதற்குமேல் முடியவில்லை, ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் திட்டவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "போட்டோ உங்களுக்கு எத்தனை மணிக்கு வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். பாஸ்டனில் கம்பெனிக்கு மாலை வரை ஆனதைப் படிக்கும்போது சிரிப்பு வருவதில்லை எனக்கு.

பெட்டியில கடைப் பேரும் போன் நம்பரும் போட்டாப் போதுமா?

போட்டே ஆக வேண்டும், ஆனால் அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். குண்டு வைக்கிறவனும் பெட்டிமேல் எதையாவது எழுதலாம் என்பது போலீசுக்குத் தெரியும். பேரும் நம்பரும் எதற்கு உதவும் என்றால், கூப்பிட்ட உடனே ஒரு ஆள் எடுத்து "ஆமாம் சார், எங்களுடையதுதான், மொத்தம் பன்னிரண்டு, இன்ன இன்ன இடம், பத்து நிமிஷத்தில் வருகிறேன்" என்று சொன்னால் உதவும். ராத்திரி சுவிட்ச் ஆஃப் செய்கிற நம்பரைப் போட்டால் போடாததற்குச் சமம். அப்புறம் பின்னோக்கி எண்ணும் கடிகாரம், வெளியே தெரிகிற ஒயர், பீப் சத்தம், கறுப்பு டேப், இந்த நான்கும் எங்கள் கடையில் இனி கிடையாது. எவ்வளவு கொடுத்தாலும் சரி.

முனிசிபாலிட்டில அனுமதி வாங்கிட்டேன். இன்னும் என்ன?

நீங்கள் கட்டப்போகிற கம்பம் முனிசிபாலிட்டியுடையதா என்று பாருங்கள். கரண்ட் கம்பம் மின்வாரியத்துடையது. பாலம் நெடுஞ்சாலைத் துறையுடையது. மதகு, ஷட்டர், கல்லணை மாதிரி இடமெல்லாம் நீர்வளத் துறையுடையது, அங்கே பெட்டி கட்டுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், ஆற்றில் தண்ணீர் போகும் காலத்தில் அது வேறு மாதிரி பயம். கோயில் மதில் அறநிலையத் துறை, தஞ்சைப் பெரிய கோயில் மாதிரி என்றால் மத்தியத் தொல்லியல் துறையும் உண்டு. ரயில்வே இடத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தாலே ரயில்வே சட்டம் 147-வது பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட வரலாம்.

அனுமதிக் கடிதம் ஆபீஸ் டிராயரில் இருந்து பிரயோஜனம் இல்லை. கட்டப் போகிற பையன் சட்டைப் பையில் அதன் நகல் இருக்க வேண்டும், கம்பெனி லெட்டர்பேடில், கையெழுத்து, சீலோடு. மேலே பாஸ்டனில் யாரைப் பிடித்தார்கள் என்று சொன்னேன் இல்லையா? எங்கள் ஊரிலும் ராத்திரி பத்து மணி வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அந்த இரண்டு பையன்கள்தான். முதலாளி சாயந்திரம் வக்கீலோடு வந்தார்.

முன்னாடியே போலீஸ்ல சொன்னா சஸ்பென்ஸ் போயிடாதா?

போகாது. சஸ்பென்ஸ் ஊருக்குத்தான், ஸ்டேஷனுக்கு இல்லை. பெட்டியின் போட்டோ, எத்தனை, எந்தெந்த இடம், எப்போது எடுப்போம், யாரைக் கூப்பிடணும், ஒரே ஒரு பக்கம். ஸ்டேஷனில் ஒரு நகல், ரயில் நிலையம் பக்கமென்றால் ரயில்வே போலீசுக்கும் ஒன்று. டீக்கடை மாஸ்டர் ஓடிவந்து சொல்லும்போது டூட்டி ரைட்டர் பேப்பரைப் புரட்டிப் பார்த்து "அட, அது துணிக்கடை" என்றால் விஷயம் அதோடு முடிந்தது. ஏட்டய்யா போய் வீட்டில் சொல்லிவிடுவாரே என்று ஒருத்தர் கவலைப்பட்டார். சொல்லட்டுமே, அதுவும் விளம்பரம்தானே.

பயமுறுத்தணும்னு எண்ணமே இல்லைன்னா கேஸ் நிக்காதுல்ல?

நான் வக்கீல் இல்லை, அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸில் போலி வெடிகுண்டுச் சட்டப்படி, பீதி கிளப்பும் நோக்கம் இருந்ததாக நிரூபிக்க வேண்டும். அது கஷ்டம் என்பதால், அந்த இரண்டு பேரும் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் சமூக சேவை செய்து மன்னிப்பும் கேட்க, 2007 மே மாதம் வழக்கைக் கைவிட்டார்கள்.

இங்கே 2024 ஜூலையிலிருந்து, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக, பாரதிய நியாய சன்ஹிதா. பீதி கிளப்பும் பொய்த் தகவல், வதந்தி பற்றிய 353-வது பிரிவில் நோக்கத்தோடு செய்ததும் வரும், பீதியை உண்டாக்கக்கூடியதும் வரும், மூன்று வருஷம் வரை சிறை. விளம்பரப் பெட்டிக்கு அது பொருந்துமா என்று கோர்ட்டில் வாதாடலாம்தான், ஆனால் வாதாடுகிற நிலைமையே உங்களுக்குத் தேவையா? பொதுத் தொல்லைக்கு எண்ணமெல்லாம் கேட்க மாட்டார்கள். 292-வது பிரிவில் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். பாதையை மறித்தால் 285, ஐயாயிரம் வரை. அனுமதியில்லாமல் பொது இடத்தில் ஒட்டுவதற்கு 1959-லிருந்தே தனியாகத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. தொகை சின்னதுதான். பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ் வரும்போது அந்தக் கேஸ் நம்பர் பெரிசாகத் தெரியும். எங்கள் பையன்களில் ஒருத்தன் சிங்கப்பூர் போகக் காத்திருந்தவன்.

திருவிழாக் கூட்டத்துல செஞ்சா நல்லா எடுபடுமே?

வேண்டாம். இதற்கு மட்டும் நான் விளக்கமே சொல்வதில்லை, ஆனாலும் கேட்கிறார்கள். 1992 கும்பகோணம் மகாமகத்தில் நெரிசலிலேயே நாற்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். 1997-ல் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு சமயத்தில் யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்தபோதும் அதே அளவு. இரண்டிலும் குண்டு இல்லை. வேளாங்கண்ணிக் கொடியேற்றத்திலோ நாகூர் கந்தூரியிலோ திருவாரூர்த் தேரோட்டத்திலோ யாரோ ஒருத்தர் "பாம்!" என்று கத்தினால் போதும், பெட்டிக்குள் தெர்மாகோல் இருந்தாலும் ஒன்றுதான், லட்டு இருந்தாலும் ஒன்றுதான். 2028 மகாமகத்துக்கு இப்போதே ஐடியாவோடு வருகிறார்கள், கும்பிட்டு அனுப்பிவிடுகிறேன்.

சரி, பெட்டி வேணாம். ட்ரோன்ல பேனர் பறக்க விடலாமா?

தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, 2020 ஜனவரியிலிருந்து அங்கே சுகோய் போர் விமானங்கள் நிற்கின்றன. எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

"காணவில்லை" போஸ்டர், "கண்ணீர் அஞ்சலி" போஸ்டர் மாதிரி டீசர் போடலாமா? அதுல ஒயர் இல்லையே?

ஒயர் இல்லை, ஆனால் நம்பரைப் பார்த்துப் போன் செய்கிறவர் நிஜமாகவே யாரையோ தேடிக்கொண்டிருக்கலாம். நம் ஊரில் சாவுச் செய்தி போஸ்டர் வழியாகத்தான் போகிறது, அதைப் பார்த்துவிட்டுப் பஸ் பிடித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். "கண்ணீர் அஞ்சலி, பழைய விலைக்கு" என்று ஒருத்தர் எழுதிக்கொண்டு வந்தார். சிரிப்பு வந்தது, ஆனால் அச்சடித்துக் கொடுக்கவில்லை. கறுப்புக் கட்டத்தைக் கண்டாலே எங்கள் அம்மா பேரைப் படிக்குமுன் நெஞ்சில் கைவைப்பார்.

எப்படியோ பேர் ஊர் முழுக்கப் பரவுது. ஓசி விளம்பரம்தானே?

பாஸ்டன் கணக்கைப் பாருங்கள். அந்த சானலை நடத்திய டர்னர் நிறுவனமும் விளம்பரம் செய்துகொடுத்த ஏஜென்சியும் சேர்ந்து 20 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்தார்கள், பாதி போலீஸ் முதலிய துறைகளின் செலவுக்கு, பாதி நல்லெண்ணத்துக்கு. பத்து நாளைக்குள் கார்ட்டூன் நெட்வொர்க்கின் தலைவர் ஜிம் சாம்பிள்ஸ் பதவி விலகினார். சானலுக்குப் பேர் பரவியது உண்மை. அதைத் தாங்கிக்கொள்ள அவர்களுக்குப் பணம் இருந்தது. எங்கள் ஊர்த் துணிக்கடையை இன்றைக்கும் "பாம் கடை" என்றுதான் சொல்கிறார்கள். முகூர்த்தப் புடவை எடுக்க யாரும் பாம் கடைக்குப் போவதில்லை. போர்டை மாற்றித் தரச் சொல்லி என்னிடமே வந்தார், வேறு பேரில்.

பீதி கிளம்பிடுச்சு. முதல்ல என்ன செய்யணும்?

112-க்குப் போன். உங்கள் பேர், கடைப் பேர், எத்தனை பெட்டி, எங்கெங்கே. முதலாளியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று இழுக்காதீர்கள், நான் இழுத்த கதை மேலே இருக்கிறது. நேரே போய் நீங்களே கழற்றவும் கூடாது. கயிறு கட்டிய இடத்துக்குள் ஓடி பெட்டியைப் பிடுங்கும் ஆளை போலீஸ் எப்படிப் பார்க்கும் என்று யோசியுங்கள். அதே மாதிரி இன்னொரு பெட்டி கடையில் மிச்சம் இருந்தால் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள், ஆனால் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே நுழையாமல், வாசலில் ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு. நான் சொல்லாமல் நுழைந்துவிட்டேன்.

நான் ரோட்டில போறவன். இப்படி ஒரு பெட்டியைப் பார்த்தா? விளம்பரமா இருந்து போலீஸ் என்னைத் திட்டினா?

தொடாதீர்கள், போட்டோ எடுக்கக் கிட்டே போகாதீர்கள், கொஞ்சம் தள்ளிப் போய் 112, ரயில் என்றால் 139. பொய் என்று தெரிந்தே தகவல் சொன்னால்தான் குற்றம், நம்பிச் சொன்னது விளம்பரமாக முடிந்தால் குற்றமில்லை. எங்கள் டீக்கடை மாஸ்டரை யாரும் திட்டவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் "மூணு இடத்துல வெடிச்சிடுச்சாம்" என்று போட்டவரைத்தான் தேடினார்கள்.

அந்தப் பன்னிரண்டு பெட்டியும் என்ன ஆச்சு?

நான்கை அவர்களே உடைத்தார்கள். ஏழு, கேஸ் சாமான்களோடு ஸ்டேஷனில் இருந்தது, இப்போது இருக்கிறதா தெரியவில்லை. இந்தப் பன்னிரண்டில் சேராமல் கடையில் மிச்சமாகி, நான் ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போன ஒன்றை இன்ஸ்பெக்டர் திருப்பிக் கொடுத்துவிட்டார். பேட்டரியைக் கழற்றி பில் போடும் மேஜைக்கு மேல் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் அது என்ன என்று கேட்கிறார்கள், அப்போது இந்தக் கதை ஆரம்பிக்கிறது. பன்னிரண்டாவதா? வாய்க்கால் பாலத்தில் கட்டியது. போலீஸ் போவதற்குள் யாரோ கழற்றி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், கடிகாரத்துக்காக.